நம் பெண்பிள்ளை நர்சிங் படிக்கலாமா? வேலூரும் ஹபஷாவும் சொல்லும் பதில்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் என்னைத் தனியாக அழைத்தார். அவருடைய மகள் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இடம் கிடைக்கக்கூடிய கல்லூரிகளில் ஒன்று கிறிஸ்தவ மிஷன் நடத்துவது. அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். "அங்கே சேர்த்தால் பிள்ளையின் ஈமானுக்குப் பங்கம் வருமா பாய்? நர்ஸ் வேலைக்கு அனுப்பினால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

இந்தக் கேள்விகள் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. சேரப்பணஞ்சேரியிலும் ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்பிள்ளை வைத்திருக்கும் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய விஷயமும் அல்ல. அதனால்தான் இதழில் எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு வரலாற்றிலிருந்து தொடங்கினால் பதில் எளிதாகப் புரியும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1819இல் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் கிறிஸ்தவ ஊழியத்துக்காக இலங்கைக்கு வந்தார். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ராணிப்பேட்டையில் ஸ்கடர் பெயரில் இன்றும் இருக்கும் மருத்துவமனை அந்தக் குடும்பத்தின் பணியிலிருந்து வந்ததுதான். அந்த வம்சத்தில் பேத்தி முறையில் வந்தவர் ஐடா ஸ்கடர். 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைக் குழந்தையாக இருக்கும்போதே கண்ணால் பார்த்தவர். வளர்ந்த பிறகு, இந்த வெயிலும் வறுமையும் நமக்கு வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடுவோம் என்றுதான் அவர் முடிவு செய்திருந்தார்.

1890இல் அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அப்போது அவருடைய தகப்பனார் திண்டிவனத்தில் டாக்டராக இருந்தார். தாயைப் பார்த்துக்கொள்வதற்காக ஐடா அங்கே வந்தார். அந்த நாட்களில் ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். முதலில் வந்தவர் ஒரு பிராமணர். இரண்டாவதாக வந்தவர் ஒரு முஸ்லிம். மூன்றாவதாக வந்தவரும் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். மூவரும் ஐடாவைத்தான் உதவிக்கு அழைத்தார்கள். அவரோ டாக்டருக்குப் படித்தவர் அல்ல. "என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு மூவரும் சம்மதிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்திதான் வந்தது.

ஐடா ஸ்கடர் பின்னாளில் தாமே பல முறை சொன்ன சம்பவம் இது. அந்த இரவுதான் அவரை மாற்றியது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899இல் நியூயார்க்கில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார்.

அந்த மூவரில் ஒருவர் நம் சமுதாயத்துச் சகோதரர். அவருடைய மனைவி நம் சகோதரி. 130 ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சகோதரர் தன் மனைவி மேல் அன்பில்லாதவர் அல்ல. அன்பில்லாதவர் நடு இரவில் உதவி தேடி அலைந்திருக்க மாட்டார். ஹயாவும் பர்தாவும் பேண வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தையும் நாம் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்காமல் போயின. ஒன்று, மார்க்கச் சட்டத்தின் முழு விவரம். மற்றொன்று, மருத்துவம் தெரிந்த ஒரு பெண்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

ஃபிக்ஹு நூல்கள் இதில் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. ஒரு பெண்ணுக்கு மருத்துவம் பார்க்க முதலில் முஸ்லிம் பெண் மருத்துவரைத் தேட வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் பிற மதத்துப் பெண் மருத்துவர். அவரும் கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம். ளரூரத், அதாவது கட்டாயமான தேவை ஏற்படும்போது, சாதாரண நேரத்தில் தடுக்கப்பட்டது அந்தத் தேவையின் அளவுக்கு அனுமதிக்கப்படும் என்பது உலமாக்கள் எல்லோரும் அறிந்த விதி. ஆகவே திண்டிவனத்து டாக்டரை அன்று இரவு வீட்டுக்குள் அழைத்திருந்தால் அது பாவமாகியிருக்காது. ஓர் உயிரை வாழவைப்பது எவ்வளவு பெரிய நன்மை என்று சூரா அல்மாயிதாவின் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்லிக்காட்டுகிறான்.

இந்த வரிசையில் முதலில் நிற்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். முஸ்லிம் பெண் மருத்துவர். அப்படி ஒருவர் இருந்தால்தானே அவரைத் தேட முடியும்? ஊரில் எந்த வீடும் தன் மகளை இந்தப் படிப்புக்கு அனுப்பாவிட்டால் அவர் எங்கிருந்து வருவார்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம்முடைய இஹ்யா நூலில், கல்வியைப் பற்றிய பகுதியில், மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று எழுதியிருக்கிறார்கள். ஊரில் சிலர் அதைச் செய்தால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் பொறுப்பாளி. எத்தனையோ ஊர்களில் பிற மதத்தவரைத் தவிர வேறு மருத்துவர் இல்லை, நம்மவர்களோ அந்தப் பக்கம் போவதே இல்லை என்று இமாம் அவர்கள் அங்கேயே வருத்தப்படுகிறார்கள். இமாம் கஸ்ஸாலி வஃபாத்தானது 1111இல். 900 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வருத்தம் நம் ஊருக்கு இன்றும் பொருந்துகிறது.

நர்ஸ் வேலை மதிப்புக் குறைந்தது என்ற எண்ணமும் நம் மார்க்கத்திலிருந்து வந்ததல்ல. அகழ்ப் போரில் சஅத் பின் முஆத் (ரலி) காயமடைந்தபோது ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரத்தில்தான் அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. அந்தக் கூடாரம் மஸ்ஜிதுந் நபவியிலேயே அமைக்கப்பட்டிருந்தது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஏழு போர்களுக்குச் சென்று காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள். ஸஹாபிப் பெண்கள் செய்த வேலையை நம் மகள் செய்தால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால், திருத்த வேண்டியது அவர்களுடைய எண்ணத்தைத்தான்.

வேலூரில் அவர் செய்தது

ஐடா ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து புறப்படும் முன் ஷெல் என்ற நியூயார்க் வங்கி அதிபர் தன் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு முன்னாலேயே தன் வீட்டின் சிறிய அறையில் அவர் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மருத்துவமனை கட்டினால் போதாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. கிராமத்துப் பெண்ணால் வேலூர் வரை வர முடியாது. வண்டிக்குக் காசு இல்லை, துணைக்கு ஆள் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை. ஆகவே அவரே கிராமத்துக்குப் போனார். முதலில் மாட்டுவண்டியில் போனார். 1909இல் ஒரு கார் கிடைத்தது. மோட்டார் வண்டியையே பார்த்திராத கிராமத்தார் அதைக் கண்டு பயந்து ஓடினார்களாம். வாரம் ஒருநாள் வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்துவார்கள். நோயாளிகள் அங்கே காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, கர்ப்பிணியைப் பரிசோதிப்பது எல்லாம் சாலை ஓரத்திலேயே நடந்தன.

அப்போதும் ஒரு குறை இருந்தது. ஒரு டாக்டரம்மா எத்தனை கிராமத்துக்குப் போக முடியும்? அடுத்து அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. வெளிநாட்டிலிருந்து இன்னும் பத்து டாக்டரை வரவழைப்பதற்குப் பதிலாக, இந்த மண்ணின் பெண்பிள்ளைகளையே பயிற்றுவிப்பது என்று தீர்மானித்தார். 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. மூன்று விண்ணப்பம் வந்தாலே உங்கள் அதிர்ஷ்டம் என்று அரசாங்க மருத்துவத் துறையின் பெரிய அதிகாரி சொன்னாராம். ஆனால் பலரைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு விண்ணப்பங்கள் வந்தன. 1922இல் முதல் அணியில் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். இன்று நாடு முழுவதும் அறிந்த சி.எம்.சி. மருத்துவமனை வளர்ந்த விதம் இது. 1942இல் அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1946இல் பி.எஸ்சி. நர்சிங் வந்தது. நாட்டிலேயே முதன்முதலில் அந்தப் படிப்பைத் தொடங்கிய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 1947இல்தான் மருத்துவப் படிப்பில் ஆண்களைச் சேர்த்தார்கள். அதுவரை அது பெண்களின் கல்லூரி.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஷெல் போன்ற செல்வந்தர்கள் கொடுத்தது ஒரு பகுதி. அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்த சாதாரணப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பியது இன்னொரு பெரிய பகுதி. 1920களின் தொடக்கத்தில் ஆசியாவில் உள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அங்கே ஒரு பெரிய வசூல் நடந்தது. வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் அடங்கும். பார்த்திராத ஊரில் இருக்கும் பெண்களுக்காகத் தம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கிய கிராமப் பணி அவரோடு முடிந்துவிடவில்லை. அவர் வண்டி நிறுத்திய அதே குடியாத்தம் சாலையில் கே.வி.குப்பத்தில் 1977 முதல் ரூசா என்ற கிராம நல மையத்தைச் சி.எம்.சி. நடத்தி வருகிறது. பாகாயத்தில் உள்ள இன்னொரு பிரிவு கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களைக் கவனிக்கிறது. அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகக் கவனிக்க வைப்பது அங்கே நடைமுறை.

நாமும் இதில் பயன்பட்டவர்கள்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று நம் மக்கள் அடர்த்தியாக வாழும் ஊர்களெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நம் குடும்பங்களிலும் பெரிய நோய் என்றால் இன்றும் வேலூருக்குத்தானே போகிறோம்? மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. செய்தவர் எந்த மதத்தவர் ஆனாலும் அந்த நன்றியை வாய்விட்டுச் சொல்வது நம் கடமை.

ஹபஷா: அன்றும் இன்றும்

கிறிஸ்தவர்களிடம் நம் பெண்களும் பிள்ளைகளும் ஆதரவு பெற்றது வேலூரில்தான் முதன்முதல் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் முதல் ஹிஜ்ரத் செய்தது ஆப்பிரிக்காவில் உள்ள ஹபஷாவுக்கு. அங்கே ஆட்சி செய்த நஜாஷி மன்னர் கிறிஸ்தவர். அநீதி செய்யாத அரசர் என்று நம்பித்தான் நபி (ஸல்) அவர்கள் தம் மக்களை அங்கே அனுப்பினார்கள். தம் மகளார் ருகய்யா (ரலி) அவர்களும் அந்த முதல் கூட்டத்தில் இருந்தார்கள். அடுத்து 80க்கும் மேற்பட்ட ஆண்கள், பெண்களோடும் பிள்ளைகளோடும் சென்றார்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அங்கேதான் அப்துல்லாஹ் பின் ஜஅஃபரைப் (ரலி) பெற்றெடுத்தார்கள். குறைஷிகள் காணிக்கைகளோடு ஆள் அனுப்பி அவர்களைப் பிடித்துத் தரும்படி கேட்டபோது மன்னர் மறுத்துவிட்டார். பின்னர் அவர் இஸ்லாத்தை ஏற்றதும், அவர் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே ஜனாஸாத் தொழுகை நடத்தியதும் நாம் அறிந்ததே. ஆனால் அவர் முதலில் அடைக்கலம் கொடுத்தது கிறிஸ்தவராக இருந்தபோதுதான்.

அந்த ஹபஷாவின் பெரும்பகுதி இன்று எத்தியோப்பியா. அங்கே மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முஸ்லிம். 1959இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர், இறைநம்பிக்கையுள்ள கிறிஸ்தவர்கள், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்களிடம் அவர்கள் கண்ட ஒரு துன்பம் அவர்களை அங்கேயே தங்க வைத்தது.

தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். குழந்தை வெளியே வர வழியில்லாமல் பிரசவ வலி இரண்டு நாள், மூன்று நாள் என்று நீடித்தால், குழந்தையின் தலை அழுத்தி உள்ளே சதை இரத்த ஓட்டம் இல்லாமல் அழுகிவிடும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாய் பிழைத்தாலும் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, நாள் முழுவதும் சிறுநீர் தன்னால் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதை ஃபிஸ்டுலா என்கிறார்கள். நாற்றத்தின் காரணமாகக் கணவனும் ஊரும் ஒதுக்கிவைத்து, தனிக் குடிசையில் வாழ்ந்த பெண்கள் அங்கே ஏராளம். நேரத்தோடு சிசேரியன் செய்தால் இது வருவதே இல்லை. நம் நாட்டில் இது அரிதாகிவிட்டதற்குக் காரணம் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான்.

ஹாம்லின் தம்பதியர் 1970களின் மத்தியில் இந்தப் பெண்களுக்கென்றே தனி மருத்துவமனை திறந்தார்கள். அங்கும் அதன் கிளைகளிலும் இதுவரை 60,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகச் சிகிச்சை நடந்திருக்கிறது. அந்தத் தம்பதியரிடம் நோயாளியாக வந்து குணமடைந்த மாமிட்டு காஷே என்ற பெண், கிராமத்தில் பள்ளிப் படிப்பு இல்லாதவர், அவர்களிடமே உதவியாளராகத் தொடங்கி, அறுவைச் சிகிச்சை கற்று, அந்தச் சிகிச்சையில் மற்ற டாக்டர்களுக்கே பயிற்சி தரும் அளவுக்கு உயர்ந்தார். 2007இல் கேத்தரின் ஹாம்லின் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியையும் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து நான்கு ஆண்டு படிக்க வைத்துத் திரும்பக் கிராமப் பகுதிகளுக்கே அனுப்புகிறார்கள். அவர் 2020 மார்ச் மாதம் 96 வயதில் காலமானார்.

வேலூரையும் எத்தியோப்பியாவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வெளியிலிருந்து வந்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். ஊர்ப் பெண்ணின் உயிரைக் காப்பாற்ற, படித்த ஊர்ப் பெண் ஒருத்தி வேண்டும்.

ஈமானைப் பற்றிய அச்சம்

இப்போது அந்தச் சகோதரரின் முதல் கேள்விக்கு வருவோம். அவருடைய அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மிஷன் மருத்துவமனைகள் சேவை மட்டும் செய்தன, பிரச்சாரமே செய்யவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. அவர்கள் மிஷனரிகள். தங்கள் மதத்தை எடுத்துச் சொல்வதையும் தங்கள் கடமையாகவே கருதினார்கள். நோயாளிகள் காத்திருக்கும்போது பைபிள் படிப்பதும், வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பிப் பேசுவதும் அந்தக் காலத்தில் நடந்தது. அதே சமயம், மருந்து வாங்க வந்தவரிடம் மதத்தைக் கேட்டு அவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நீதி.

இன்றைய நிலைமைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவருடைய சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவி 18 வயது நிரம்பாதவராக இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். எனவே சேர்க்கும்போதே நேரில் போய்ப் பேசுங்கள். தொழுகைக்கு நேரமும் இடமும் உண்டா, தலையை மறைக்க அனுமதி உண்டா, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, ரமளானில் ஸஹருக்கு என்ன ஏற்பாடு என்று தெளிவாகக் கேளுங்கள். மரியாதையோடு கேட்டால் மரியாதையோடு பதில் வரும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அரசுக் கல்லூரியும் வேறு தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன.

பிற மதத்தவரிடம் கல்வி கற்கலாமா என்றால், பத்ருப் போரில் சிறைபட்ட மக்கத்துக்காரர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை, முஸ்லிம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே பிணைத்தொகையாக வைத்து நபி (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள். அவர்கள் சிலை வணங்கிகள், நேற்றுவரை வாளோடு எதிரே நின்றவர்கள். நம்மோடு சண்டையிடாதவர்களிடம் நன்மையாகவும் நீதியாகவும் நடந்துகொள்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை சூரா மும்தஹினாவின் 8ஆம் வசனத்தில் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. பிள்ளையின் ஈமானைக் காப்பது கல்லூரியின் வேலை அல்ல. அது வீட்டின் வேலை, மக்தபின் வேலை. பதினேழு வயது வரை நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை நான்கு வருடத்தில் மாறிவிடும் என்று நாம் பயப்பட்டால், அந்தப் பதினேழு வருடத்தில் நாம் என்ன கொடுத்தோம் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் யார் இருக்கிறார்?

நம் ஊர்ச் சூழலை யோசித்துப் பாருங்கள். இந்தப் பகுதியில் தொழிற்சாலைகள் வந்த பிறகு பீகார், ஜார்கண்ட், ஒடிசா, அஸ்ஸாம் என்று பல மாநிலத்துக் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே வாடகைக்கு இருக்கின்றன. நம் வீட்டு லைன் ரூம்களிலும் இருக்கிறார்கள். கணவன் நைட் ஷிஃப்டுக்குப் போயிருப்பான். கர்ப்பிணி மனைவி மொழி தெரியாமல் தனியாக இருப்பாள். அம்மாவோ மாமியாரோ கூட இல்லை. இரவில் வலி வந்தால் அவள் தட்டப்போவது நம் கதவைத்தான். திண்டிவனத்தில் அன்று மூன்று பேர் தட்டியது போல.

அந்த நேரத்தில் கதவைத் திறக்கும் வீட்டில் நர்சிங் படித்த பெண் ஒருத்தி இருந்தால் என்ன ஆகும்? இது சாதாரண வலியா, உடனே கொண்டுபோக வேண்டியதா என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரியும். 108க்குப் போன் செய்து விவரத்தைச் சரியாகச் சொல்வாள். நம் வீட்டுப் பெண்களுக்கும் அவள்தான் முதல் தைரியம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதை அவளிடம் கூச்சமில்லாமல் சொல்வார்கள்.

நம் முன்னோருக்கு இந்தப் பொறுப்பு புதிதல்ல. கெய்ரோவில் 1280களில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் வக்ஃப் வருமானத்தில் சிகிச்சை கொடுத்தது. தமிழ்நாட்டிலும் வாணியம்பாடி முஸ்லிம்கள் 1919இல் இஸ்லாமியா கல்லூரி அமைத்தார்கள். 1955இல் நீதிபதி பஷீர் அஹமது சயீத் முயற்சியில் சென்னையில் நம் பெண்களுக்கென்று கல்லூரி வந்தது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

செய்ய வேண்டியவை

பெற்றோருக்கு: பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் பாடப் பிரிவு எடுக்கும்போதே இதை முடிவு செய்யுங்கள். அதற்கு அடுத்து மூன்று ஆண்டு டிப்ளமோ நர்சிங் இருக்கிறது. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் இட ஒதுக்கீடு 3.5 சதவீதம். இதற்குச் சாதிச் சான்றிதழில் அந்தப் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாமல் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு: கர்ப்பம் உறுதியானவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊர் செவிலியரிடமோ பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே தரும் பதிவு எண் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. உங்கள் வீட்டில் குடியிருக்கும் வெளிமாநிலப் பெண் கர்ப்பமாக இருந்தால் அவளையும் கூட அழைத்துப் போய்ப் பதிவு செய்யுங்கள். இது ஸதகா, அதற்குக் காசும் தேவையில்லை.

கணவன்மாருக்கு: பிரசவ நேரத்தில் பெண் டாக்டர் வரட்டும் என்று காத்திருந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். பெண் டாக்டர் இருக்கும் இடத்தை முன்கூட்டியே விசாரித்து வைப்பது உங்கள் கடமை. அவசரத்தில் அங்கே இருப்பவரிடம் மனைவியை ஒப்படைப்பதும் உங்கள் கடமைதான்.

வசதியுள்ளவர்களுக்கு: ஜகாத் பணத்தை ஏழை மாணவியின் கையில் உரிமையாக்கிக் கொடுத்தால் அவள் அதைக் கொண்டு ஃபீஸ் கட்டலாம். விவரத்தை நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவுபெறலாம். ஜகாத் வாங்கும் நிலையில் இல்லாத, ஆனால் ஃபீஸ் முழுவதும் கட்ட முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு ஸதகா நிதியிலிருந்து கர்ளு ஹஸனாவாகக் கொடுக்க டிரஸ்ட் ஏற்பாடு செய்கிறது. இந்த ஆண்டு கல்வி உதவியில் செவிலியர் படிப்புக்கு முதலிடம் கொடுப்பதென்று நிர்வாகக் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் சிறுகச் சேர்த்த காசில் வேலூரில் ஒரு கல்லூரி வளர்ந்தது. நம் தெருவில் உள்ள ஒரு பிள்ளையின் நான்கு வருடப் படிப்புக்கு நம் ஜமாஅத் மனம் வைத்தால் போதும்.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கல்லூரிக்கு நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நேரில் போய்ப் பாருங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். மனம் ஒப்பினால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சேருங்கள். ஒப்பவில்லை என்றால் கல்லூரியை மாற்றுங்கள், பிள்ளையின் படிப்பை மாற்றாதீர்கள். அவர் மகள் படித்து முடித்து வந்தால், மார்க்கம் சொன்ன அந்த வரிசையில் நம் ஊரில் முதலில் நிற்கப்போகிறவள் அவள்தான்.

அன்று திண்டிவனத்தில் விடியும் முன் இறந்துபோன அந்தச் சகோதரியை அல்லாஹ் மன்னித்து, அவளுக்கு ஷஹீதின் அந்தஸ்தைத் தருவானாக. பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்களையும், நம் தெருவில் தங்கியிருக்கும் எல்லா வீட்டுப் பெண்களையும் அவன் ஆரோக்கியத்தோடு வாழவைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்